ஓடைப் பள்ளத்து மோட்டாரும் ஒயர்லெஸ் இல்லாத போர்டும்

புது எலக்ட்ரானிக் போர்டு ஒன்றை ஆபீஸ் மேஜையில் வைத்து அதன் சின்ன விளக்கை மினுக்க வைப்பதற்குப் பெயர் வெற்றி. அதே போர்டை மலையில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவதற்குப் பெயர்தான் இந்தத் தொழில்.

மேஜையோடு நிறுத்திக்கொண்டவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. பேன்ட் முழுக்க நாயுருவி ஒட்டியிருக்க, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரும் இன்னொரு கையில் சிக்னல் தேடும் போனுமாக எங்கேயாவது நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி. உங்களுக்காகத்தான் இது.

எங்கள் கம்பெனி வேலூரில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. முதலாளியை சார் என்போம். போனில் தெரிகிற திரையெல்லாம் எழுதுவது தினேஷ். போர்டைக் கொண்டுபோய் மாட்டுவது நான். எனக்குச் சொந்த ஊர் கணியம்பாடிப் பக்கம்; மலைக்குக் கிட்டத்து ஆள் என்பதால் ஜவ்வாது மலை வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். போதாததற்கு எனக்குக் குரல் சின்னது. முடியாது என்று ஒரு மனிதர்முன் சொல்வதற்குள் அவர் பேசி முடித்துப் போய்விடுவார்.

வாலுக்குத் தனி விலை

தாத்தா ஒரு கதை சொல்வார். ஒருத்தன் சந்தைக்குப் போய் மாடு வாங்கினானாம். விலை கொள்ளை மலிவு. ஓட்டிக்கொண்டு கிளம்பினால் வியாபாரி பின்னாலேயே ஓடி வந்து, ‘வாலுக்குத் தனி விலைப்பா, நீ மாட்டுக்குத்தான பேசுன’ என்றானாம். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அந்த மாட்டை ஒரு நாள் நானே ஓட்டிக்கொண்டு மலை ஏறுவேன் என்று அப்போது தெரியாது.

புதிதாக வந்த போர்டு அது. உள்ளங்கை அகலம். எழுதிக் கொடுத்தபடி மோட்டாரைப் போடும், நிறுத்தும், பக்கத்தில் எவ்வளவு சூடு என்று சொல்லும். ‘ஒயர்லெஸ் வசதியோடும் கிடைக்கும்’ என்று விளம்பரத்தில் இருந்தது. சார் அதில் விலை குறைந்த வகையைப் பார்த்து ஒரு பெட்டி நிறைய வரவழைத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் ஒயர்லெஸ் சில்லு உட்கார வேண்டிய இடத்தில் பாண்டி ஆடக் கோடு கிழித்த மாதிரி ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. “இப்போதைக்கு இதை மாட்டு. பேர் ஆகட்டும். இந்த ஒரு ஊர்ல ஓடிச்சின்னா மலை பூரா நம்ம போர்டுதான்” என்றார் சார்.

அமிர்தி வழியாக மேலே ஏறும் பஸ்ஸில் போய், இறங்கி நடந்தால் அந்தக் குக்கிராமம். ஊர் மேட்டில் தண்ணீர் டேங்க். கிணறும் மோட்டாரும் கீழே ஓடைப் பள்ளத்தில். காலையும் சாயந்திரமும் யாராவது ஒருவர் சரிவில் இறங்கி மோட்டாரைப் போட்டு, டேங்க் நிறைகிறவரை அங்கேயே இருந்து, நிறுத்திவிட்டு ஏற வேண்டும். அந்த ஆள் சாலம்மா அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, முட்டி வலி, பெரிய குரல். பலா பழுக்கிற காலத்தில் அந்தச் சரிவில் கரடி நடமாட்டம் இருக்கும். அதனால் போகும்போது ஒரு தட்டைத் தட்டிக்கொண்டே போவார். ஊராட்சி கொடுக்கிற அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடுகிறது. வீட்டுக்காரர் இல்லை, ஆலங்காயத்தில் ஹாஸ்டலில் தங்கி மகள் படிக்கிறாள்.

இனிமேல் இறங்க வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசையாகப் போனேன். ஆனால் வால் இல்லாத மாட்டை வைத்துக்கொண்டு என்ன சொல்ல? நேரம் குறித்து வைத்தால் போர்டு தானாக மோட்டாரைப் போடும் என்றேன். கரண்ட் போய் வந்தால் மட்டும் மணி மறந்துவிடும், கீழே போய் ஒரு பட்டனை அமுக்கினால் ஞாபகம் வந்துவிடும் என்றேன். மலையில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று அக்காவுக்குத் தெரியும். “இத்தினி நாளு மோட்டாரப் போட எறங்குனேன். இனிமே மோட்டாரப் போடற மிஷினப் போட எறங்கணும். அவ்ளோதான தம்பி?”

நல்ல சேதி

மாட்டியதைச் சொல்ல ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். செயலர் நல்ல மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்தார். போர்டின் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒயர்லெஸ் வந்துவிட்டால் வீட்டிலிருந்தே போனில் போட்டுக்கொள்ளலாம், அந்த அக்காவுக்கு முட்டி வலி மிச்சம் என்று என் சின்னக் குரலில் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது.

செயலர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஏதோ பாராட்டப் போகிறார் என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “போன்ல நானே போட்டுப்பேனே தம்பி! அப்புறம் அந்தம்மாவுக்கு இன்னாத்துக்கு சம்பளம்? உன் மிஷினு சரியா ஓடட்டும், மறுமாசமே நிறுத்திடறேன்.”

மலை இறங்குகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. நம் தொழிலில் போர்டு ஓடாவிட்டால் நமக்குத் திட்டு விழும். ஓடினால் என்ன விழும் என்று யாரும் காலேஜில் சொல்லித் தரவில்லை. மனசு கேட்காமல் அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, செயலர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் முதலில் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. “உன் மூஞ்சியப் பாத்தா அது ஓடற மாதிரி தெரியல தம்பி. பாக்கலாம் வுடு.”

சுவரில் தொங்கிய போன்

அக்கா சொன்னது போலவே போர்டு ஓடவில்லை. ஒரு நாள் ஓடும், மறுநாள் படுத்துவிடும். கரண்ட் இருக்கிற நாளிலும் மணி மறந்தது. சார் போனில் கத்துவார். நான் பஸ் ஏறுவேன். போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பட்டனை அமுக்கிவிட்டு வருவேன். பேய் பிடித்த போர்டு என்று தினேஷ் பெயரே வைத்துவிட்டான். எழுதியதைத் திருத்தித் திருத்தி எழுதினேன். என்னிடம்தான் தப்பு என்று ராத்திரித் தூக்கம் கெட்டுப்போனது. இதையும் சொல்ல வேண்டும்: அது படுத்துவிட்டது என்று சேதி வரும்போதெல்லாம் ஒரு பக்கம் பயம் என்றாலும் இன்னொரு பக்கம் அப்பாடா என்று இருக்கும்.

ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் பள்ளத்தில் இறங்கினேன். மோட்டார் கொட்டகை வாசலில் ஆடுகள். உள்ளே போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டர் போர்டில் இல்லை; ஒரு போனில் செருகியிருந்தது. போன் ஒரு மஞ்சள் பையில் உட்கார்ந்து ஆணியில் நிம்மதியாகத் தொங்கியது. வேறொன்றும் இல்லை, மலிவாக இருக்கட்டும் என்று நாங்கள் போட்டிருந்தது சாதாரண போன் சார்ஜர். கொட்டகைக்குத் தனி லைன் என்பதால் ஊரில் கரண்ட் இல்லாதபோதும் சில நேரம் இங்கே இருக்கும். ஆடு மேய்க்க வருகிற வெள்ளையன் அண்ணன் அதைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் கண்டுபிடித்ததை ஊரே கண்டுபிடித்துவிட்டது.

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அண்ணே, இதைப் பிடுங்கினால் போர்டு செத்துப்போகும் என்று சொன்னேன். அவர் பதறிவிட்டார். உடனே போனைக் கழற்றிவிட்டு, அடாப்டரைத் துண்டால் துடைத்து என் கையில் மரியாதையாகக் கொடுத்தார். போகும்போது திரும்பி நின்று ஒரு வேண்டுகோள் வைத்தார். “உங்க மிஷினு வேல செய்யாங்காட்டியும் பரவால்லீங்க, இந்த சார்ஜர மட்டும் கயட்டிக்கினு பூடாதீங்க. ஊருக்கு நீங்க செஞ்ச ஒரே நல்லது இதாங்க.”

சாமியிடம் அனுமதி

கடைசியில் சார் மனசு வைத்து ஒயர்லெஸ் சில்லு உள்ள போர்டுகள் வந்தன. பள்ளத்தில் போன் சிக்னல் கிடையாது. அதனால் மேட்டில் இன்னொரு போர்டு வேண்டும். அது பள்ளத்துப் போர்டோடு பேசி, கேட்டதை டவருக்குச் சொல்லும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி ஊரில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது சாமி மரம்.

அந்த மரத்தில் இரும்பு படக் கூடாது. ஆணி அடிக்க முடியாது, கம்பி கட்ட முடியாது. கீழே செருப்போடு போக முடியாது. நாரால் கட்டிக்கொள்கிறேன் என்றேன். ஊர்க்கவுண்டர் யோசித்துவிட்டு, அதுக்கும் சாமியைக் கேட்க வேண்டும் என்றார். அமாவாசையில் பூ கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில் மடித்து வைத்து, ஒரு பெண் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது. பூசாரி உதட்டைப் பிதுக்கினார். அடுத்த அமாவாசைக்கு வா என்றார்கள்.

கூட்டத்தில் நின்றிருந்த சாலம்மா அக்காவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்டாரா என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

சாருக்குப் போன் போட்டு, ஒயர்லெஸ் வேண்டாம் என்று சாமி சொல்லிவிட்டது, ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்று நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவர் ஏதோ பழைய வழக்கில் ஜெயித்தவர் மாதிரி பேசினார். “பாத்தியா? ஒயர்லெஸ் வேணாம்னுதானே நானும் மொதல்ல ஆர்டர் போட்டேன். என்னமோ எனக்கு விஷயம் தெரியலன்னு ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிக்கினு திரிஞ்சீங்களே!”

ஒரு அமுத்து

அடுத்த அமாவாசையில் வெள்ளைப் பூ வந்துவிட்டது.

நாரால் கட்டி, தார்ப்பாய்த் துண்டு போர்த்தி, மரத்துக்கு ஒரு காயமும் இல்லாமல் போர்டை உட்கார வைத்தேன். கீழே ஒன்று. மேலே ஒன்று. சிலநேரம் நம் கெட்ட நேரத்துக்கு எல்லாமே முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிடும். செயலர் வந்திருந்தார். முதல் முறை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது, இத்தனை வருசம் போட்டவங்களே போடட்டும் என்று யாரோ சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். செயலர் தன் போனை நீட்டினார்.

அக்கா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் டேங்குக்குள் குழாய் செருமிவிட்டுத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அக்காவின் தோளில் இடித்து, “இனிமே மகாராணியாட்டம் வூட்ல குந்திக்கினு போடு” என்றாள். செயலர் என்னைத் தட்டிக் கொடுத்தார். அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லி அக்காவிடம் அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார் என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது.

அக்கா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடம் ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். “இவ்ளோதானா தம்பி? இத்தினி வருசமா நான் எறங்கி ஏறுனதெல்லாம் இந்த ஒரு அமுத்துதானா?”

பச்சைப் பொட்டு

சார் அந்த ஊரை வைத்தே வியாபாரம் பேச ஆரம்பித்தார். யார் ஆபீசுக்கு வந்தாலும் பெரிய திரையைப் போடுவார். அதில் மலை ஊரின் பெயர், பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு, கீழே ‘எல்லாம் சரி’ என்று எழுத்து. அதே பச்சைப் பொட்டு செயலரின் போனிலும் எரியும். வந்தவர்கள் பச்சையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்குக் கூடச் சம்பளம் உயரும் என்று பேச்சு அடிபட்டது. நான் அக்காவுக்குப் போன் பண்ணுவதை நிறுத்தியிருந்தேன். என்ன கேட்பது?

மழைக்காலம் வந்தது. மலையில் மேகம் இறங்கி எதிரில் வருகிற பஸ் தெரியவில்லை என்று கண்டக்டர் சொன்னார். ஆபீஸில் திரையைப் பார்த்தேன். பச்சை. ‘எல்லாம் சரி’. அதன் பக்கத்தில் கொட்டகைக்குள் எவ்வளவு சூடு என்று ஒரு எண் வரும். அது கொளுத்துகிற வெயில் நாளின் எண். மறுநாள் பார்த்தேன், அதே எண். ஒரு வாரம் கழித்தும் அதே எண். ஜவ்வாது மலை மழையில் ஊறிக்கொண்டிருக்க, எங்கள் திரையில் மட்டும் நல்ல வெயில்.

தினேஷிடம் கேட்டேன். அவன் டிபன் பாக்ஸை மூடாமலேயே திரையை எட்டிப் பார்த்தான். பள்ளத்துப் போர்டிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை என்பது அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அப்படியானால் இந்தப் பச்சை எங்கேயிருந்து வருகிறது என்றேன். அவன் சாரின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னான். “சேதி வரலன்னா கடைசியா வந்த பச்சையையே காட்டுன்னு சார்தான் மச்சி சொன்னாரு. செவப்பு காட்டுனா கஸ்டமர் பயந்துடுவாங்களாம்.”

தட்டுச் சத்தம்

மறுநாள் கிளம்பிப் போனேன். டேங்க் எப்போதோ காய்ந்திருக்கும், ஊரே சேர்ந்து என்னை அடிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். ஊருக்குள் போனால் குழாயில் தண்ணீர் வருகிறது. பெண்கள் குடம் பிடிக்கிறார்கள். ஒருத்தரும் என்னை அடிக்கவில்லை. எங்கள் போர்டு ஒருவேளை சேதி சொல்லாமலே வேலை செய்கிறதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நம்மாட்கள் எதையும் நினைப்போம்.

சரிவில் இறங்கும்போது தட்டு தட்டுகிற சத்தம் கேட்டது. கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சாலம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். என் பெட்டியைத் திறந்தேன். ஒரு பல்லி உள்ளே போய்க் கரண்ட் வருகிற இடத்தில் குறுக்கே படுத்துச் செத்திருந்தது. அதோடு போர்டும் கருகிப் போயிருந்தது. மழை தொடங்கிய அன்றே செத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அக்காதான் காலையும் சாயந்திரமும் இறங்கிப் பழைய ஸ்டார்ட்டரில் கையால் போட்டுக்கொண்டிருக்கிறார். சம்பளம் கிடையாது. நின்றுபோய் மாதம் ஆகிவிட்டது. தண்ணீர் வருவதால் ஊர் மிஷின் ஓடுகிறது என்று நினைக்கிறது. பச்சை எரிவதால் செயலர் மிஷின் ஓடுகிறது என்று நினைக்கிறார். ஆலங்காயத்து மகளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டதாக, வேறு எதையோ சொல்கிற மாதிரி சொன்னார்.

ஏன்க்கா யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். மோட்டார் சத்தத்தில் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கிட்டப் போய்க் கேட்டேன். “செயலர்கிட்ட சொன்னேனே. ‘போன்ல பச்ச எரியுது, வேல போன கோவத்துல பேசாத’ன்னாரு. நான் எறங்காங்காட்டி, வயித்துப் புள்ளக்காரியிலேர்ந்து அத்தினி பேரும் கொடத்தத் தூக்கிக்கினு இந்தச் சறுக்குல எறங்கணும். நானு ஒருத்தி எறங்குனா போதும் இல்ல?”

யாருக்கும் கஷ்டமில்லாத விஷயம்

ஈரச் சட்டையோடு ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. அப்படியும் பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. போர்டு செத்துவிட்டது, பச்சை பொய், அக்காதான் சம்பளம் இல்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். கருகிய பல்லியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துக் காட்டினேன்.

செயலர் பல்லியைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, வெளியே கூட்டிக்கொண்டு போய், குரலைத் தணித்துச் சொன்னார். “தம்பி, ஊருக்குத் தண்ணி வருதா? வருது. உங்க கம்பெனிக்குப் பேரு வருதா? வருது. மேல இருக்கறவங்களுக்கு நான் மிஷினு ஓடுதுன்னு எழுதிட்டேன். எல்லாம் ஒழுங்கா போய்க்கினு கீற நேரத்துல நீ இன்னாத்துக்கு பல்லியத் தூக்கிக்கினு வர்ற?”

கழற்றிய பெட்டி

ஊராட்சி ஆபீஸ் படியில் உட்கார்ந்தேன். சாருக்குப் போன் பண்ணினால் பல்லி வராத டப்பா ஒன்று அனுப்புகிறேன் என்பார். போர்டை மாற்றினால் அக்காவுக்கு வேலை கிடையாது. மாற்றாவிட்டாலும் கிடையாது, கூலியில்லாமல் ஏறி இறங்க வேண்டியதுதான். யோசித்துப் பார்த்தபோது, சுவரில் அந்தப் பெட்டி தொங்குகிறவரை யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது என்று மட்டும் புரிந்தது.

திரும்பவும் பள்ளத்தில் இறங்கினேன். பெட்டியைக் கழற்றினேன். சார்ஜரை மட்டும் விட்டுவிட்டேன். மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி மரத்தில் நாரை அவிழ்த்து அந்தப் போர்டையும் எடுத்தேன். தினேஷுக்குப் போன் பண்ணி அந்த ஊரைத் திரையிலிருந்தே எடுத்துவிடச் சொன்னேன். அவன் சார் கேட்டால் என்ன சொல்வது என்றான். ரிப்பேருக்கு வந்திருக்கிறது, உதிரிக்குக் காத்திருக்கிறோம் என்று சொல் என்றேன். சாயந்திர முறைக்கு இறங்கியிருந்த அக்காவிடமும் கொட்டகையில் வைத்தே அதைத்தான் சொல்லியிருந்தேன். பை கனத்ததால் என் முகம் ஒரு மாதிரி இருந்திருக்கலாம். அவர் சுவரில் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோட்டாரை நிறுத்தினார். சாக்கை உதறி மடித்து இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் சரிவில் ஏறிப் போனார்.

மறுநாள் அவர் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இறங்கவில்லை. டேங்க் காய்ந்தது. குடத்தோடு இறங்கிய பெண்கள் ஒரு நடையிலேயே வழியை மாற்றிக்கொண்டு காலிக் குடங்களோடு நேராக ஊராட்சி ஆபீசுக்குப் போனார்கள். செயலர் போனை எடுத்துக் காட்டப் பார்த்திருக்கிறார். அதில் ஊரே இல்லை. கொட்டகையில் பெட்டியும் இல்லை. மிஷின் எங்கே, ஆள் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. அன்று சாயந்திரமே செயலர் சாலம்மா அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

எனக்கு இதையெல்லாம் அக்காவே, பள்ளத்துக்குக் கிளம்பும்போது மேட்டிலிருந்து போனில் சொன்னார். மகள் மறுபடி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாளாம். சம்பளம் பழையபடி, ஆனால் தற்காலிகம், மிஷின் திரும்பி வருகிறவரைதான் என்று சொல்லித்தான் சேர்த்திருக்கிறார்கள். சார் இங்கே இன்னும் புதிதாக ஒரு போர்டு வரவழைத்துவிட்டார். அதில் ஒயர்லெஸ் தனியாக இல்லை, உள்ளேயே இருக்கிறது, பல்லி நுழையாத டப்பாவும் சேர்த்து. பிரிக்காமலே அதையும் ரிப்பேர் என்று சாரிடம் சொல்லி என் மேஜையில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி அக்காவிடம் வாயெடுக்கவில்லை. ரிப்பேர் எந்த மட்டில் இருக்கிறது என்று அவரே கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்க்கா என்றேன். அந்தப் பக்கம் தட்டு தட்டுகிற சத்தம் நின்றது. “நல்லாப் பாரு தம்பி, அவசரமே இல்ல. ஒருவேள சரியாயிட்டாலும், மவராசனா இருப்ப, இந்தப் பக்கம் எடுத்துக்கினு வந்துடாத.”

ஆக, இவ்வளவு படித்து, மலை ஏறி இறங்கி, நான் கடைசியில் தேர்ந்த ஒரே வித்தை, நன்றாக இருக்கிற ஒரு போர்டை முதலாளிக்குத் தெரியாமல் எத்தனை காலம் ரிப்பேரிலேயே வைத்திருக்க முடியும் என்பதுதான்.